பழைய ஆபீஸ் சிபியுவில் வீட்டு பேக்கப்: கடலூரில் செய்து பார்த்த குறிப்புகள்

காக்க வேண்டியவை: இரண்டு லேப்டாப், மூன்று போன், கல்யாண வீடியோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள். எல்லாம் சேர்ந்து 1.3 டிபி. இடம் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. டிவியில் படம் ஓட்டுவதெல்லாம் கணக்கில் இல்லை, பேக்கப் மட்டும்தான்.

செலவே இல்லாத வழி, ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் டிஸ்கைச் செருகுவது. செருகியதும் விண்டோஸ் கண்டுகொள்ளவே இல்லை. மலிவு ரவுட்டர்கள் பல இன்னும் எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையைத்தான் பேசுகின்றன. விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் பல வகைகளில் அது வருவதில்லை, வந்தாலும் பயன்படுத்தாவிட்டால் தானே நீங்கிவிடும். வலிய இயக்கலாம். ஆனால் 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வான்னக்ரை பரவியது அந்த வாசல் வழியாகத்தான். அந்த யோசனை அன்றே முடிந்தது.

அடுத்து, வீட்டு நெட்வொர்க்கில் டிஸ்கைப் பகிர்வதற்கென்றே வரும், இரண்டு டிஸ்க் போடும் ஆயத்தப் பெட்டி. சினாலஜி டிஎஸ்223ஜே போன்றவை நல்ல பொருள்தான், அரை மணியில் அமைத்துவிடலாம், கரண்டும் கொஞ்சம்தான் இழுக்கும். ஆனால் காலிப் பெட்டிக்கே பதினைந்தாயிரத்துக்கு மேல் போகும். அதில் ரெய்டு 1, அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கிலும் ஒரே சமயத்தில் எழுதும் முறை, போட்டால் இரண்டு டிஸ்கும் ஒரே பெட்டியில், ஒரே பிளக்கில் இருக்கும். தவறி அழித்த கோப்பு இரண்டிலும் அதே நொடியில் அழியும். இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓடத்தான் ரெய்டு. வீட்டு பேக்கப் இரண்டு நாள் நின்றால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. அந்தக் காசில் இரண்டாவது டிஸ்கை வாங்கி வேறு ஊரில் வைப்பது மேல்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன ஒற்றைப் பலகைக் கணினி மூன்றாவது யோசனை. அதன் நான்கு யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒன்றுக்கே ஒரு ஆம்பியர் வரை கேட்கும். இரண்டைச் செருகினால் ஒன்று காணாமல் போகும், மறுபடி தோன்றும். தனி அடாப்டர் உள்ள டாக்கில் (டிஸ்கைச் செருகும் தாங்கி) போட்டால் தீரும், ஆனால் அடாப்டர்கள் கூடும், வயர் காடாகும்.

கடைசியில் நின்றது ஆறாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய ஆபீஸ் சிபியு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, அதிகாரபூர்வமாக ஏறாது. அதனால் நல்ல நிலையில் உள்ள பெட்டிகளே பழைய பொருள் கடைகளுக்கு வருகின்றன. லினக்ஸுக்கு அந்த வயசு ஒரு பொருட்டில்லை. உள்ளங்கை அளவு மினி வேண்டாம், அதில் இரண்டரை அங்குல டிஸ்க்தான் ஏறும். எஸ்எஃப்எஃப் எனப்படும் படுத்த பெட்டியில் மூன்றரை அங்குல இடம் உண்டு. வாங்கும்போதே டிஸ்குக்கான பவர் வயரையும் தாங்கித் தட்டையும் கேட்டு வாங்குங்கள். பல மாடல்களில் அந்த வயர் மதர்போர்டிலிருந்து வரும், கம்பெனிக்கே உரிய முனை கொண்டது. பிறகு தேடினால் அலைய வேண்டியதுதான்.

போட்டவை: 8 ஜிபி ரேம், சிஸ்டத்துக்கு 128 ஜிபி எஸ்எஸ்டி, உள்ளே 4 டிபி டிஸ்க் ஒன்று, வெளியே 4 டிபி யுஎஸ்பி டிஸ்க் ஒன்று. நம்மூர் சிசிடிவி கடையில் எளிதாகக் கிடைக்கும் கண்காணிப்பு டிஸ்க் இதற்குத் தாராளமாகப் போதும். புதிது என்று சொன்னாலும் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 9ஆம் எண்ணைப் பாருங்கள், ஓடிய மணி நேரம் அதில் இருக்கும். கெட்ட இடங்களைக் காட்டும் 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 ஏறினால் டிஸ்கைச் சந்தேகிக்கும் முன் சாட்டா வயரை மாற்றுங்கள். டேட்டா ஏற்றும் முன் நீண்ட சோதனை ஒன்று ஓடட்டும், 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும்.

முதல் தொல்லை பழைய பெட்டிக்கே உரியது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) ‘கரண்ட் வந்ததும் தானே எழு’ என்று வைத்தாகிவிட்டது. மதியம் கரண்ட் போய் வந்தது, பெட்டி எழவில்லை. பார்த்தால் பயாஸ் அமைப்பு எல்லாம் அழிந்து, தேதியும் பல வருஷம் பின்னால் போயிருந்தது. அவற்றை நினைவில் வைக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. பழைய பெட்டி வாங்கிய அன்றே அதை மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, வேகம். நகல் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. அந்தக் கதியில் 1 டிபிக்கு ஒரு நாள் முழுதும் ஆகும். 110 எம்பி வந்தால் இரண்டரை மணி நேரம். ஃபைபர்காரர்கள் கொடுக்கும் பெட்டி பலவற்றில் ஒரு துளை மட்டுமே கிகாபிட், மீதி 100 மெகாபிட். ஐந்து துளை கிகாபிட் சுவிட்ச் வாங்கி மாட்டியும் மாடி அறையில் அதே வேகம். சுவர்ப் பெட்டியைத் திறந்தால், ஒரே கேபிளின் எட்டு வயரை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு இணைப்பாக்கியிருந்தது. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்றைக் கைவிட்டு எட்டையும் சேர்த்த பிறகு 108 எம்பி.

மென்பொருள் ஓபன்மீடியாவால்ட், பழைய கணினியைப் பகிர்வுப் பெட்டியாக்கும் லினக்ஸ். சிஸ்டத்துக்குத் தனி எஸ்எஸ்டி அதற்காகத்தான், சிஸ்டம் இருக்கும் டிஸ்கை அது டேட்டாவுக்கு எளிதில் தராது. டிஸ்குகள் லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்தவை. ஆளுக்கொரு பகிர்வு ஃபோல்டர், அதில் லேப்டாப்களும் போன்களும் எழுதும். இரவு 1 மணிக்கு ஆர்ஸ்நாப்ஷாட் என்ற நகல் நிரல் அவற்றைப் பகிரப்படாத இன்னொரு ஃபோல்டருக்குத் தேதிவாரியாக எடுக்கும். ரான்சம்வேர் பகிர்வைப் பூட்டினாலும் நேற்றைய நகலுக்கு அதன் கை எட்டாது. மாறாத கோப்புகள் ஹார்ட் லிங்க் ஆவதால், அதாவது ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர் மட்டும் சேர்வதால், முப்பது நாள் நகலுக்கு முப்பது மடங்கு இடம் ஆகாது. ஆனால் அந்த ஃபோல்டரை ஆர்சிங்க் என்ற நகல் கட்டளையில் வெளி டிஸ்குக்கு எடுக்கும்போது பெரிய எழுத்து ‘ஹெச்’ விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு நாளும் முழு நகலாக விரிந்து டிஸ்க் நிரம்பிவிடும். நிரம்பவும் செய்தது.

அதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. யுஎஸ்பி டிஸ்க் மவுன்ட் ஆகாத (சிஸ்டத்தோடு இணையாத) இரவில் ஸ்கிரிப்ட் அதே பெயருள்ள காலி ஃபோல்டரில் எழுதியது. அது இருப்பது எஸ்எஸ்டியில். காலையில் எஸ்எஸ்டி 100 சதவீதம், நிர்வாகப் பக்கம்கூடத் திறக்கவில்லை. வெளி டிஸ்கின் உள்ளே ஒரு அடையாளக் கோப்பை வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டுமே நகல் தொடங்கு என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. மூல டிஸ்குக்கும் அதே காவல் வேண்டும். காலி மூலத்தைப் பார்த்து டெலீட் விருப்பத்தோடு ஓடினால் பேக்கப் துடைத்தெறியப்படும்.

கரண்ட் கணக்கு: சும்மா இருக்கையில் 18 வாட். நாள் முழுதும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 26 யூனிட். பயாஸ் அலாரத்தில் இரவு 9 மணிக்கு எழுப்பி, நகல் முடிந்து 2 மணிக்கு அணைத்தால் ஐந்தரை யூனிட் அளவில் நிற்கும். மீதி நேரம் பிளக்கையே பிடுங்கி வைத்தால் இடிக்கும் பயமில்லை, ஆனால் 9 மணிக்குள் செருக யாராவது ஞாபகம் வைக்க வேண்டும்.

வெளி டிஸ்கை எங்கே வைப்பது? புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உறவினர் வீடு இருக்கிறது, பஸ்ஸில் ஒரு மணி நேரம். வசதிதான், ஆனால் 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டி வந்தது. ஒரே புயலில் நனையும் ஊர்கள் இரண்டும் ஓரிடக் கணக்குதான். ஆகவே வெளி டிஸ்க் இப்போது இரண்டு: ஒன்று முத்தியால்பேட்டையோடு மாதம் மாறும், இன்னொன்று பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருச்சி போய் வரும். வீட்டை விட்டு வெளியேறும் டிஸ்க் என்பதால் லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்கப் பூட்டு, சாவிச் சொல் காகிதத்தில் எழுதி பீரோவில். பெட்டி தரைத்தளத்தில் வேண்டாம். உப்புக் காற்றில் யுஎஸ்பி முனை பச்சை பூக்கும், டிஸ்கை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது பயன் தருகிறது.

மீட்டுப் பார்த்தது: 40 ஜிபி ஃபோல்டரை வேறு லேப்டாப்பில் இறக்கி எஸ்ஹெச்ஏ256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டதில் ஒரே ஒரு கோப்பு ஒத்துப்போகவில்லை, அவுட்லுக்கின் மெயில் கோப்பான பிஎஸ்டி. நகல் ஓடும்போது அது திறந்திருந்தது. இனி அவுட்லுக்கை மூடிய பிறகே அந்த லேப்டாப்பின் நகல். யுஎஸ்பி வயரால் செய்தி சொல்லும் யுபிஎஸ் இன்னும் வாங்கவில்லை. வயர் இல்லாத மாடல் பேட்டரி தீரும்வரை தாங்குமே தவிர, பெட்டியை ஒழுங்காக அணைக்கச் சொல்லாது.