வெளிநாட்டு யூனிவர்சிட்டியோட சேர்ந்து கிணத்துத் தண்ணி ப்ரொஜெக்ட் செய்த கதை

வெளிநாட்டு யூனிவர்சிட்டியோட ப்ரொஜெக்ட் எண்டா காசு கொட்டுமோ எண்டு கன பேர் கேக்கினம். காசு கொட்டாது, பேப்பர்தான் கொட்டும். நாங்கள் ஒரு ஐரோப்பிய யூனிவர்சிட்டியோட சேர்ந்து எடுத்தது யாழ்ப்பாணத்து வலிகாமம் பக்கக் கிணறுகளில கரைஞ்சிருக்கிற நைத்திரேற்று எண்ட உப்பு.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், யாழ்ப்பாணத்தில வருஷம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, குடிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நிக்கிற மழைத் தண்ணிதான், மேல வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிப் போடுற யூரியாவும் பக்கத்து வளவு மலக்குழித் தண்ணியும் அந்தக் கல்லு வெடிப்புக்குள்ளால நேர கீழ போயிடும், நைத்திரேற்று அதில இருந்துதான் வருது. குடிதண்ணியில நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். அதுக்கு மேல போனா முதல் ஆபத்து போத்தல் பால் குடிக்கிற குழந்தையளுக்கு, ரத்தம் ஒட்சிசன் காவாம உடம்பு நீலம் பாரிக்கும்.

எம்ஓயு, அதான் ரெண்டு யூனிவர்சிட்டிக்கும் இடையில போடுற புரிந்துணர்வு ஒப்பந்தம், அந்தக் கதைய நீட்ட விருப்பமில்லை. செனட், கவுன்சில், சட்ட ஆலோசனை, திருப்பி ஒருக்கா முதல்ல இருந்து. அவ்வளவுதான்.

உண்மையான இழுபறி லாப் விஷயத்தில. பார்ட்னர் ஆக்கள் அனுப்பின முதல் பட்ஜெட்டில தண்ணியை இங்க எடுத்து பார்சல் கட்டி அங்க அனுப்பிறது எண்டு இருந்தது, நாங்கள் போத்தல் நிரப்பிற ஆக்கள், அவை ஆராய்ச்சியாளர். நைத்திரேற்று மாதிரியை 4 பாகையில வைச்சு ரெண்டு நாளுக்குள்ள பாக்க வேணும், இல்லாட்டி கிருமியள் அதைத் திண்டு கணக்கை மாத்திப் போடும், அது கொழும்பு தாண்டி கஸ்டம்ஸ் தாண்டி எப்ப போய்ச் சேருறது? இதை மெயில்ல எழுதி, நோர்வே அரசின்ர உதவி நிறுவனமான நோராட் 2013 இல தொடங்கின நோர்ஹெட் எண்ட உயர்கல்வித் திட்டம் மாதிரித் திட்டங்களில இங்க இருக்கிற யூனிவர்சிட்டியளப் பலப்படுத்திறதுதானே நோக்கம் எண்டும் சேர்த்து விட்டன். பார்சல் காசை வெட்டி ஒரு யூவி ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்கும் (தண்ணி எவ்வளவு புறஊதா ஒளியை உறிஞ்சுது எண்டு அளக்கிற மெஷின்) ட்ரெயினிங்குக்கும் போட்டினம். 220 நானோமீட்டர் அலைநீள ஒளியில ஒருக்கா, 275 இல ஒருக்கா வாசிச்சு, தண்ணியில கரைஞ்சிருக்கிற சேதனப் பொருளின்ர பங்கைக் கழிச்சா கணக்கு வரும், பெடியள் ஒரு கிழமையில பழகிட்டினம்.

எதிக்ஸ் கமிட்டியில ஒரு நல்ல கேள்வி கேட்டவை: ஒரு வீட்டில எல்லைக்கு மேல வந்தா அந்த வீட்டுக்கு என்ன சொல்லுவியள்? ப்ரொபோசலில அதுக்கு ஒரு வரியும் இல்லை, அங்கத்தே ஆக்களும் யோசிக்கேல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழில ரிசல்ட் தாள் குடுக்கிறது எண்டு எழுதிச் சேர்த்தபிறகுதான் கையெழுத்து விழுந்தது.

அது எவ்வளவு முக்கியம் எண்டு ஃபீல்டுக்குப் போனாப் பிறகுதான் விளங்கும். சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில எண்ணெய் கலந்த பிரச்சினைக்குப் பிறகு ஆர் ஆரோ வந்து போத்தலில அள்ளிக்கொண்டு போனவையாம், "ஒருத்தரும் திரும்பி வந்து ஒண்டும் சொல்லேல்ல தம்பி" எண்டு ஒரு ஆச்சி வாளியைத் தர மாட்டன் எண்டு நிண்டவ. தாள் தருவம் எண்டு சொல்லி, பேர் விலாசம் எழுதின பிறகுதான் கப்பியைத் தொட விட்டவ. ரிசல்ட் கொண்டுபோய்க் குடுத்தா அடுத்த கேள்வி: "கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம், பிறகென்ன?" கொதிக்க வைச்சா கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். இதை எங்கட ஆக்களே கன பேர் நம்பேல்ல. பேரப்பிள்ளைக்குப் பால்மா கரைக்க மட்டும் வேற தண்ணி எடுங்கோ ஆச்சி எண்டு சொல்லிப்போட்டு வந்தம்.

காசு வேற கதை. நடுவில ஒரு ஒபிஸில கன மாசம் கிடந்தது, அதுவரைக்கும் பெற்றோல் எங்கட பொக்கற்றால. பட்ஜெட் எழுதிற ஆக்கள் வாகனக் காசையும் மெஷின் சர்வீஸையும் தனித்தனி வரியாப் போடுங்கோ, "இதர செலவு" எண்டு ஒண்டாப் போட்டா ஓடிட்காரர் விடமாட்டினம்.

அடுத்த ரவுண்ட் மார்கழி மழை ஓய்ஞ்ச பிறகு, மழை கழுவி இறக்கினது எவ்வளவு எண்டு அப்பதான் தெரியும். அதுக்கு ஒரு ஐஸ்பெட்டி வேணும், இப்பவே மூண்டு கொட்டேஷன் கேட்டு வைச்சிருக்கிறம், ரெண்டுதான் வந்திருக்கு.