டைமரை நிறுத்திய பின்னும் அது எழுந்து வந்த கதை

மட்டக்களப்பில் எங்கள் அலுவலகத்து லினக்ஸ் கணினி ஒன்று, மின்சாரம் ஒரு கணம் போய் வரும்போது சில தடவைகளில் மட்டும் உறைந்துபோகும். யூஎஸ்பி நெட்வேர்க் டொங்கிள் கழன்று மீண்டும் இணையும் நேரத்தில்தான் அது நடக்கிறது என்பது பதிவுகளில் தெரிந்தாலும், வேண்டுமென்றே பிடுங்கிச் செருகினால் எதுவும் நடக்கவில்லை.

2015இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையக் கருவான கெர்னலோடு இருக்கும் காசான் என்ற நினைவகச் சோதனை வசதியை இயக்கி, டொங்கிளை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சாதனத்திலிருந்து விடுவித்துத் திரும்பப் பிணைக்கும் ஸ்கிரிப்டை இரவு முழுக்க ஓடவிட்டும் பயனில்லை. டிரைவரில் குறித்த நேரம் கழித்து ஓடும் டைமர் ஒன்றும், பின்னணியில் ஓடும் வேர்க் என்ற வேலை ஒன்றும் உண்டு; வேர்க்கின் சார்பு (அதன் நிரல் துண்டு) டைமரை மறுபடி முடுக்கும் வரிக்குச் சற்று முன்னால், சில நூறு மில்லிசெக்கன் தூங்கச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்த பிறகே அறிக்கை வந்தது. விடுவித்த நினைவகத்தைத் தொட்டது எது, அதை ஒதுக்கியது எங்கே, விடுவித்தது எங்கே என்ற மூன்று தடங்களும் அதில் இருந்தன.

டைமர் வேர்க்கை வரிசையில் இடுகிறது; வேர்க் தன் வேலை முடிந்ததும் டைமரை மறுபடி முடுக்குகிறது. டிரைவர் மூடப்படும்போது முதலில் டைமர் நீக்கப்பட்டு, பிறகு வேர்க் முடியும்வரை காத்திருக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் இன்னொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் வேர்க், நீக்கிய டைமரைத் திரும்ப எழுப்பிவிட்டால், சாதனத்தின் நினைவகம் விடுவிக்கப்பட்ட பின் அந்த டைமர் நேரம் வந்து ஓடி, அந்த நினைவகத்தைத் தொடுகிறது. வரிசையை மாற்றி வேர்க்கை முதலில் நிறுத்தினாலும், டைமர் அதைத் திரும்ப வரிசையில் இட்டுவிடும்.

இப்படி எது முந்துகிறது என்பதால் வரும் பிழையை ரேஸ் என்பார்கள். ரேஸ் என்றதும், ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் உள்ளே விடும் பூட்டுப் போடு என்பதே பலரும் தரும் ஆலோசனை. இங்கே அந்தப் பூட்டும் விடுவிக்கப்படும் அதே நினைவகத்துக்குள்தான் இருக்கிறது என்பதால், பூட்டு மட்டும் எதையும் காப்பாற்றாது. போதாததற்கு, டைமர் சார்பும் எடுக்கும் பூட்டைப் பிடித்துக்கொண்டே அந்த டைமர் முடியக் காத்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். வேண்டியது, இனி யாரும் டைமரை எழுப்ப முடியாத நிலை. கெர்னலின் 6.2 பதிப்பில் சேர்ந்த டைமர்_ஷட்டவுன்_சிங்க் என்ற சார்பு அதைத்தான் செய்கிறது: ஓடும் டைமர் சார்பு முடியக் காத்திருந்து, அதன் பின் வரும் முடுக்கங்களைச் சத்தமின்றிப் புறக்கணிக்கிறது. அதை முதலில் அழைத்து, வேர்க்கை அடுத்து நிறுத்தினால் போதும்.

மாற்றம் ஒற்றை வரிதான். விளக்கம் எழுதவே அதிக நேரம் போனது. பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் (பதிவான பழைய மாற்றத்தின்) அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளை, எதைத் திருத்துகிறது என்று சொல்லும் பிக்ஸஸ் வரியில் குறித்து, திருத்தத்தைக் கெர்னல் உருவாக்குநர்களுக்கு அனுப்பினேன். பரிசீலித்தவர், இரு சிபியுக்களின் செயல்களையும் பக்கம் பக்கமாக இரு நெடுவரிசைகளில் காட்டும்படி கேட்டார், நியாயமான கேள்வி. கெர்னலின் நெட்வேர்க் பகுதியின் விதிப்படி 24 மணித்தியாலம் பொறுத்து, திருத்தத்தின் அடுத்த பதிப்பை அனுப்பினேன், அது ஏற்கப்பட்டது.

அலுவலகக் கணினியின் பழைய கெர்னலில் அந்தச் சார்பு இல்லாததால், அங்கே மட்டும் 'மூடுகிறது' என்ற கொடியொன்றை (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் குறியை) வைத்தேன். பூட்டுக்குள் கொடியை ஏற்றிப் பூட்டை விட்ட பின்னரே டைமரையும் அடுத்து வேர்க்கையும் நிறுத்துகிறேன். வேர்க் சார்பு அதே பூட்டுக்குள் கொடியைப் பார்த்து, அது ஏற்றப்படாதிருந்தால் மட்டுமே டைமரை முடுக்கும்.