கெப்பின் ஒயில் பில்டரை வெளியே எடுத்து வைத்தபோது

என்னுடைய பழைய டீசல் கெப்பில் (பிக்கப் வண்டியில்) ஒயில் பில்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கழற்றும்போதெல்லாம் கறுத்த ஒயில் ஸ்டார்ட்டர் மோட்டர் மேல் வடியும். குச்சவெளிப் பக்கம் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி மணலில் ஓடுகிற வண்டி, பில்டர் மாற்றுவதைத் தள்ளிப்போடவும் முடியாது. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கெப்பின் விலையே எங்கேயோ போய்விட்டது. இருக்கிற எஞ்சினைக் காப்பாற்றத்தான் வேண்டும். அதனால் ஹோஸ் போட்டு பில்டரைச் சேஸி ஓரத்துக்குக் கொண்டுவர முடிவெடுத்தேன்.

சாமான் அதிகமில்லை. பில்டர் இருந்த இடத்தில் பூட்டும் அடாப்டர், பில்டரைத் தாங்கும் தலை, இரண்டு ஹோஸ். அடாப்டரும் தலையும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. வாங்கும்போது பில்டர் ஏறும் புரியை (திருகு மரையை) அளந்து பார்த்தே வாங்குங்கள். முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீற்றர். அதற்கும் 20 மில்லிமீற்றர் புரிக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பெரியது சின்னதன் மேல் லூசாக ஏறி, இறுகினதுபோல நிற்கும். ஒயில் அழுத்தம் வரும்போது கழன்றுவிடக்கூடும்.

வேலையின் முக்கால்வாசி ஹோஸில்தான் இருக்கிறது. வயலுக்குப் போகும் ட்ரக்டர், அறுவடை மெசின்களுக்கு ஹைட்ரோலிக் ஹோஸுக்கு இரும்பு முனை வைத்து அழுத்திக் கொடுக்கும் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் என் அடாப்டரைக் கையில் வாங்கி, ஹோஸ் பூட்டும் துளையில் புரி அளக்கும் தகட்டை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது அமெரிக்கன் புரி தம்பி. எங்கட முனை இதில ஏறும், ஆனா ஒயில் நிக்காது” என்றார். காரணத்தையும் காட்டினார். அரை அங்குலத்தில் அமெரிக்கன், பிரிட்டிஷ் இரண்டு வகைக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். ஆனால் அமெரிக்கன் புரியின் கோணம் 60 பாகை, இங்கே கிடைக்கும் பிரிட்டிஷ் புரிக்கு 55. நாலைந்து சுற்று நன்றாகவே ஏறும், பிறகு கசியும். இதைச் சொல்லக்கூடிய ஒருவர் ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! சரியான முனை வரும்வரை காத்திருந்து, அரை அங்குல உள்விட்டமுள்ள, சூட்டைத் தாங்கும் ரக ஹோஸில் அழுத்தி வாங்கினேன். சாதாரண ஹைட்ரோலிக் ஹோஸ் பலவற்றுக்கு 100 பாகை செல்சியஸ்தான் எல்லை. பாரத்தோடு மேடு ஏறும்போது ஒயிலின் சூடு அதைத் தாண்டிவிடக்கூடும்.

புரிக்கு வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அதன் துணுக்கு ஒன்று பிய்ந்து உள்ளே போனால் ஒயில் வழியை அடைத்துவிடும். ஒயிலுக்கு உரிய பசை கொஞ்சம், அதுவும் முதல் இரண்டு புரியை விட்டுத்தான் பூச வேண்டும்.

அப்புறம் திசை. இதில் மட்டும் அவசரம் கூடாது. பம்பிலிருந்து வரும் ஒயில் பில்டரின் வெளிவட்டத் துளைகளால் நுழைந்து நடுத்துளையால் எஞ்சினுக்குத் திரும்பும். ஹோஸை மாற்றிப் பூட்டினால் பில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வு ஒயிலை மறித்துவிடும், பெயாரிங் காய்ந்துபோகும். என் அடாப்டரில் எந்தக் குறியும் இல்லை. ஒரு துளையில் வாயை வைத்து ஊதி, காற்று நடுவால் வருகிறதா ஓரத்தால் வருகிறதா என்று பார்த்து, சோக்கால் அடையாளம் போட்டுவிட்டுத்தான் பூட்டினேன்.

பில்டர் தலையை சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கச் சேஸியில், பில்டரின் வாய் மேலே பார்க்கும்படி வைத்தேன். அப்படி இருந்தால் புது பில்டரை ஒயில் நிரப்பியே பூட்டலாம். எஞ்சின் ஆடும், சேஸி ஆடாது. அதனால் ஹோஸுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, உரசும் இடங்களில் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து போர்த்திக் கட்டினேன்.

அரை அங்குல ஹோஸ் மீற்றருக்கு ஏறத்தாழ 125 மில்லிலீற்றர் பிடிக்கும், அதையும் சேர்த்து ஊற்ற வேண்டும். உடனே ஸ்டார்ட் பண்ணவில்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி டீசல் பம்பின் சொலனொயிட் (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு) வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் லைட் அணையும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினேன். பிறகு வயரைப் பூட்டி, ஸ்டார்ட் செய்து, டோர்ச்சோடு கீழே படுத்து ஒவ்வொரு முனையையும் விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. நிறுத்தி, டிப்ஸ்டிக்கைப் பார்த்து, குறைந்ததை ஊற்றினேன்.

இதனால் ஒயில் நன்றாகக் குளிரும் என்று விற்பவர்கள் சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். பில்டர் மாற்றுவது சுலபம், அதற்காகவே செய்யலாம். கடற்காற்றில் ஹோஸ் முனையின் இரும்புதான் முதலில் துருப்பிடிக்கும், ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் துடைத்து கிறீஸ் பூசுகிறேன். எஞ்சினுக்கு நேராகப் பூட்டும் பழைய ரக பில்டர் ஒன்றும் ஒயில் கேன் ஒன்றும் எப்போதும் வண்டியில் இருக்கும். புல்மோட்டை வீதியில் ஹோஸ் வெடித்து, உடனே எஞ்சினை நிறுத்திவிட்டால், அடாப்டரைக் கழற்றி இதைப் பூட்டி, ஒயில் ஊற்றி வீடு வந்துசேரலாம்.