அயன் ஷாட் பழக ஈர மணல் போதும்

கடலூரில் இருந்துகொண்டு கோல்ஃப் பழகுகிறேன் என்றால், “மைதானத்துக்கு எங்கே போவீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். பந்து அடிக்க சென்னைக்குத்தான் போகிறேன். ஆனால் அயனை, அதாவது உலோகத் தலை வைத்த கோல்ஃப் மட்டையை (கிளப்), சரியாக இறக்கப் பழகியது பெரும்பாலும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில், பந்தே இல்லாமல்.

பந்தை மேலே தூக்குவது நம் வேலை இல்லை. ஏழாம் நம்பர் அயனின் முகம் (பந்தில் படும் தட்டைப் பக்கம்) ஏற்கெனவே 30 டிகிரியை ஒட்டிச் சாய்ந்துதான் இருக்கிறது; பழைய செட் என்றால் இன்னும் கூடுதலாகவே. கிளப் இறங்கி வந்து முதலில் பந்தையும் அப்புறம் தரையையும் தொட்டால், அந்தச் சாய்வே பந்தைக் கிளப்பிவிடும். தெருக் கிரிக்கெட்டில் சிக்ஸர் தூக்கிப் பழகிய கை இதை நம்பாது, பந்தை அள்ளத்தான் பார்க்கும். உடம்பு வலது காலிலேயே தங்கிவிடும். அப்போது கிளப் பந்தை எட்டும் முன்பே மண்ணில் குத்தும், இல்லாவிட்டால் பந்தின் தலையைத் தட்டி அதைத் தரையோடு ஓடவிடும்.

கடல் சற்று உள்வாங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, இறுகிய ஈர மணலில் ஒரு கோடு கிழியுங்கள். கோடு உங்கள் எதிரே நேராக விலகிப் போக வேண்டும். பந்து அந்தக் கோட்டின்மேல் இருப்பதாக வைத்துக்கொண்டு, கோடு நடு நெஞ்சுக்கு நேராகவோ ஒரு பந்து அளவு இடப்பக்கமாகவோ வரும்படி நின்று (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்) அரை ஸ்விங் (கிளப்பைப் பாதி அளவு மட்டும் ஓங்கி வீசுவது) போடுங்கள். மணல் பெயர்ந்த தடம் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம், அதாவது உங்கள் இடப்பக்கம், போயிருந்தால் சரி. கோட்டுக்கு வலப்பக்கமே தொடங்கியிருந்தால், பெரும்பாலும் எடை இடது காலுக்கு வந்திருக்காது. தடம் குழியாகவும் இருக்கக் கூடாது, மாங்காய்த் தோல் சீவினது மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும். நன்றாக ஆடுகிறவர்களுக்குக் கிளப் மிகத் தாழ்ந்து வரும் இடம் பந்தைத் தாண்டிச் சில அங்குலம் தள்ளித்தான் இருக்கும்.

கோடு பிடிபடவே இல்லையா? ஆரம்பத்திலேயே எடையை இடது காலில் வைத்து, வலது குதிகாலைத் தூக்கிக்கொண்டு அடித்துப் பாருங்கள். அடிபடும் நேரத்தில் கைகள் கிளப்பின் தலைக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதற்காகக் கையை வலிந்து தள்ளினால் கிளப்பின் முகம் இலக்கைப் பார்க்காமல் வலப்பக்கம் திறந்துகொண்டு பந்தும் அந்தப் பக்கமே போகும். இடுப்பு இலக்குப் பக்கம் திரும்பினால் கைகள் தாமாகவே முன்னால் வந்துவிடும் என்பது என் அனுபவம்.

பீச்சில் பந்து மட்டும் வேண்டவே வேண்டாம். காலையில் நடக்க வருகிறவர்கள் ஈர மணலில்தான் வருவார்கள். வெறும் ஸ்விங் என்றாலும் பின்னால் பார்த்துவிட்டே போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கிளப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், உப்பு சும்மா விடாது.

பயிற்சித் தளத்தில் மேட் விரித்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மோதினாலும் கிளப் மேட்டில் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும், ஷாட்டும் நல்ல ஷாட் மாதிரியே பறக்கும். அதனால் பந்துக்கு வலப்பக்கம் அரைச் சாண் தள்ளி ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். கிளப் துண்டில் பட்டால், பந்து எவ்வளவு தூரம் போனாலும் அந்த ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.