கதைப்பாடலில் ஓசை: வகுப்பில் எங்கே தொடங்குவது

எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது), மோனை (முதல் எழுத்து ஒன்றி வருவது) இலக்கணத்தை முதலில் நடத்திவிட்டு "இனி ஒரு கதைப்பாடல் எழுதுங்கள்" என்றால், மாணவர்கள் எதுகைக்குச் சொல் தேடுவார்கள், கதை நின்றுவிடும். முதலில் கதையை ஐந்து உரைநடை வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். அதில் நிலைமை மாறும் வாக்கியத்தை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஓசை மாற வேண்டிய இடம் அதுதான்.

அடுத்து அசை, அதாவது சீரை ஆக்கும் ஒலித்துண்டு. புள்ளி எழுத்து நீங்கலாக ஓர் எழுத்து கொண்டது நேர், இரண்டு கொண்டது நிரை. நேர், நிரை எதுவானாலும் ஓர் அசைக்கு ஒரு கைத்தட்டு. தேமா (நேர் நேர்) என்ற சீருக்கு இரண்டு தட்டு, கருவிளம் (நிரை நிரை) என்ற சீருக்கும் இரண்டு தட்டு. ஆனால் ஒற்றெழுத்தை, அதாவது புள்ளி எழுத்தை, நீக்கி எண்ணினால் தேமாவில் இரண்டு எழுத்து, கருவிளத்தில் நான்கு. அதே இரண்டு தட்டுக்குள் நான்கு எழுத்தை அடக்கும்போது நாக்கு ஓடுகிறது. ஓசையின் வேகம் என்பது என்ன என்று மாணவருக்குப் புரியும் இடம் இது. இங்கே வழக்கமாக நேரும் பிழை, புள்ளி எழுத்துக்கும் ஒரு தட்டுக் கொடுப்பது. 'நின்றான்' என்பதை மூன்றாகவோ நான்காகவோ தட்டுவார்கள். ஒற்று முன் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், தனி அசை ஆகாது என்பதை வாயால் சொல்வதைவிட, கரும்பலகையில் ஒற்றுகளை வேறு நிறத்தில் எழுதிக் காட்டினால் சீக்கிரம் பிடிபடும்.

பிறகு இந்த மூன்று அடிகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லலாம்:

படபட வென்று பனைமடல் மோதக்
குடையினை விட்டுக் குறுவழி ஓடி
வாசல் சேர்ந்தான். வீட்டில் பூட்டு.

மூன்றுமே நாற்சீர் அடிகள். அடிக்கு எட்டுத் தட்டு. முதல் இரண்டிலும் கருவிளமும் தேமாவும் மாறி மாறி வருவதால், ஒற்று நீக்கி அடிக்குப் பன்னிரண்டு எழுத்து. மூன்றாம் அடியில் நான்கும் தேமா, எட்டே எழுத்து. அவற்றில் ஐந்து நெடில். ஓடி வந்தவன் நின்றுவிட்டான் என்பதை அடியே செய்கிறது. தொடையையும் (எதுகை, மோனை அமைப்பையும்) கவனிக்கச் சொல்லுங்கள்: முதல் இரண்டு அடிகள் பட, குடை என எதுகையால் இணைந்து, முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் மோனை பெறுகின்றன. மூன்றாவது அடி அந்த எதுகையை விட்டு விலகுகிறது. எதிர்பார்த்த ஓசை வராத இடத்தில் காது திடுக்கிடும். இதை உணர்ந்த மாணவர், எல்லா அடியிலும் எதுகை வைப்பது கதைப்பாடலுக்கு நல்லதல்ல என்பதைத் தாமே சொல்வார். ('படபடவென்று' சீருக்காகப் பிரிந்திருப்பது வகையுளி. வாசிக்கும்போது அங்கே நிறுத்தக் கூடாது.)

வல்லினம் என்றால் சண்டை, மெல்லினம் என்றால் தாலாட்டு என்று சூத்திரமாகக் கற்பிப்பதை நான் ஏற்பதில்லை. கம்பராமாயணத்தில் சூர்ப்பணகை அழகியாக உருமாறி வரும் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சி, விஞ்சு, கஞ்சம் என்று தொடங்கும் அதே ஞ்ச ஓசைதான் நஞ்சம், வஞ்சம் என்று முடிகிறது. அழகுக்கும் விஷத்துக்கும் ஒரே ஒலி! ஒலிக்குப் பொருளைத் தருவது கதை. அந்தப் பாடலை இரண்டு முறை சத்தமாக வாசிக்க வைத்துவிட்டு, விளக்கத்தை மாணவரிடமிருந்தே வரவழையுங்கள்.

எழுதும் பயிற்சிக்குப் பன்னிரண்டு அடி போதும். எட்டு அடிக்குள் ஓர் இரட்டைக்கிளவிக்கு மேல் வேண்டாம். சலசல, கலகல, மளமள என்று அடுக்கினால் எதுவுமே கேட்காது. உரையாடல் வரும் அடிகளில் எதுகையைத் தளர்த்தி மோனையை மட்டும் வைத்தால் பேச்சு பேச்சாகவே இருக்கும். 'அன்றே', 'நன்றே', 'தானே' போன்றவற்றை நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பொருள் குறையவில்லையென்றால் அது சீரை நிரப்ப வந்த சொல். அந்த அடியை மாற்றி எழுத வேண்டும்.

திருத்தும்போது எழுதியவரே வாசிக்கக் கூடாது. தாம் நினைத்த ஓசையைக் குரலால் நிரப்பிவிடுவார். பக்கத்தில் இருப்பவர் முன்தயாரிப்பு இல்லாமல் வாசிக்கட்டும். அவர் தடுமாறும் இடங்களில் எழுதியவர் பென்சிலால் கோடு போட வேண்டும். கோடு அடிக்கோடிட்ட திருப்பத்திலேயே விழுந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம். வேறு இடத்தில் விழுந்தால் அந்தச் சீரை மட்டும் மீண்டும் தட்டிப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.