புறம்போக்கு என்று தீர்ப்பாகிவிட்டால்: முதல் அப்பீலில் கவனிக்க வேண்டியவை

பட்டா நிலம் யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவேட்டில் சர்க்கார் புறம்போக்காக ஏறிவிடுகிறது. நிலம் தன்னுடையதே என்று கோர்ட் அறிவிக்கும் விளம்புகை கேட்டுப் போட்ட வழக்கும் தள்ளுபடி ஆகிறது. பலர் அதோடு ஓய்ந்துவிடுகிறார்கள். ஓய வேண்டாம். ஆவணங்களையும் சாட்சியத்தையும் மறுபடி முழுதாக அலசும் கடைசி இடம் முதல் அப்பீல்தான். இரண்டாம் அப்பீலில், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உயர்நீதிமன்றம் விசாரிக்கும்.

முதலில் நாள் கணக்கு. மாவட்ட அளவிலான அப்பீலுக்கு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு, தீர்ப்பாணை (டிக்ரி) இரண்டின் நகலுக்கும் உடனே மனுப் போடுங்கள். நகலில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: மனு கொடுத்த தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி. நகலுக்கு ஆன நாட்கள் இந்தக் கெடுவில் சேராமல் கழியும். ஜூன் 10 தீர்ப்பு, ஜூன் 20 மனு, ஜூலை 15 தயார் என்றால் 26 நாள் கழிந்து, ஆகஸ்ட் 5 கடைசி நாள். ஸ்டாம்ப் கட்ட நீங்கள் தாமதித்த நாட்களும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் கழியாது. அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்து, வழக்கு ஏன் தோற்றது என்று பாருங்கள். பெரும்பாலும் பட்டா, கிஸ்தி (நிலவரி) ரசீது, மின் கட்டண அட்டை இவற்றை மட்டும் நம்பியதால்தான். வருவாய்ப் பதிவு உரிமை தராது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அரசைச் சேரும் என்பதால், உரிமை கேட்பவர் மூலத்தை நிரூபிக்க வேண்டும், அல்லது 30 வருஷத்துக்கு மேற்பட்ட எதிரிடை அனுபவத்தை (உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து நிலத்தை வைத்திருந்ததை) காட்ட வேண்டும் என்று ஹனுமய்யா வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் வாதாடுவது ஆபத்து. எதிரிடை அனுபவம் என்றாலே நிலம் அரசுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வெல்ல வைப்பது பழைய புல எண்ணையும் புதிய புல எண்ணையும் சேர்த்துக் கட்டும் சங்கிலி. செட்டில்மென்ட் பதிவேடு, யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு (புல எண்வாரியாக நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் கிராமப் பதிவேடு), பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்று காட்டும் தொடர்புப் பட்டியல், பழைய, புதிய புலப்படங்கள், மூலப்பத்திரம் ஆகியவை வேண்டும். 'அ' பதிவேட்டில் அதே நிலத்துக்கு ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்) என்றிருந்த வகைப்பாடு எந்த உத்தரவும் இல்லாமல் சர்க்கார் என்று மாறியிருந்தால், அதுதான் உங்கள் பலம். ஒரு கண்ணி விட்டாலும் "இந்த நிலம்தான் அந்த நிலம்" என்று காட்ட முடியாது.

கீழ்க்கோர்ட்டில் தாக்கல் செய்யாத ஆவணத்தைக் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 27-ன் கீழ் தனி மனுவோடுதான் கொடுக்க முடியும். தக்க முயற்சி செய்தும் அப்போது கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். எப்போது, எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தீர்கள், எப்போது நகல் வந்தது என்று தேதியோடு பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். "கவனக்குறைவாக விட்டுவிட்டோம்" என்று எழுதினால் மனு நிற்காது. எல்லைக் குழப்பம் இருந்தால் சர்வேயரோடு வழக்கறிஞர் ஆணையர் நியமிக்கவும் கேளுங்கள்.

அப்பீல் போட்டதாலேயே ஆக்கிரமிப்பு அகற்றும் நடவடிக்கை நிற்காது. தள்ளுபடித் தீர்ப்பில் நிறைவேற்ற எதுவும் இல்லாததால் அதற்கு ஸ்டே கேட்பதில் பயனில்லை. அப்பீலோடு சேர்த்து, சுவாதீனத்தில் தலையிடாதபடி இடைக்கால உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேளுங்கள். 1905-ஆம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்திருந்தால், பதிலை எழுத்தில் கொடுத்து, ஒப்புகையோடு அதையும் மனுவில் இணைத்துவிடுங்கள்.