பச்சைப் பொய்

டெஸ்ட் ஓட்டுவதற்கென்று எங்கள் டீமுக்கு நான் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளை ஓட்டுவதுதான் ஷெல். ஒரு ஃபைலில் வரிக்கு ஒரு கட்டளை. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியாகப் படித்து, எழுத்தைக் கட்டளையாக ஓட்டும் ஈவாலிடம் கொடுக்கும்; பிழையில்லை என்பதற்கான பூஜ்யம் திரும்பினால் பச்சை எழுத்தில் 'பாஸ்'. முப்பது வரிகூட இருக்காது. இரண்டு வருடம் பச்சையாகவே ஓடியது.

ஒருநாள் கஸ்டமரிடமிருந்து புகார். ரிப்போர்ட்டில் 'மொத்தம்' என்பதற்கும் தொகைக்கும் நடுவே டேப் வரவேண்டிய இடத்தில் இரண்டு ஸ்பேஸ் வருகிறதாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பே சரிசெய்த பிழை அது. திரும்ப வரக்கூடாதென்று டெஸ்டும் வைத்திருந்தேன்: அந்த இரண்டு ஸ்பேஸ் வரியை க்ரெப் என்ற தேடும் கட்டளை ரிப்போர்ட்டில் தேடும், கிடைக்காவிட்டால் பாஸ். அதே கட்டளையை டெர்மினலில் கையால் அடித்தேன். ஃபெயில். ஸ்கிரிப்ட் வழியாகப் போனால் பாஸ்.

ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் திரையில் காட்டும் செட் -எக்ஸ் போட்டபோதுதான் புரிந்தது. ஈவால் "$வரி" என்று எழுதாமல் ஈவால் $வரி என்று விட்டிருக்கிறேன். கோட், அதாவது மேற்கோள் குறி, இல்லாத வேரியபிளை ஷெல் முதலில் ஸ்பேஸ் பார்த்து நறுக்கிவிடும். வரிக்குள் இருக்கும் கோட் குறிகள் அப்போது அதற்கு வெறும் எழுத்துகள். துண்டுகளை ஒற்றை ஸ்பேஸ் வைத்து ஒட்டிய பிறகுதான் ஈவால் கட்டளையாகப் படிக்கும். ஆக, க்ரெப் தேடியது ஒரே ஒரு ஸ்பேஸை. ரிப்போர்ட்டில் இருந்ததோ டேப், இல்லாவிட்டால் இரண்டு ஸ்பேஸ். பிழை இருந்தாலும் பாஸ், இல்லாவிட்டாலும் பாஸ்.

சரி, கை வைத்ததுதான் வைத்தோம் என்று மற்றதையும் பார்த்தேன். 2>&1 என்பதை, அதாவது எரரையும் மற்ற அவுட்புட் போகும் இடத்துக்கே அனுப்பச் சொல்லும் குறியை, லாக் ஃபைலுக்கு முன்னால் எழுதியிருந்ததால் எரர் எல்லாம் லாக்குக்குப் போகாமல் திரைக்கே போய்க்கொண்டிருந்தது. அதைவிட மோசம், ஃபைலில் 52 வரி இருக்க, ஓடியது 31. நடுவில் ஒரு டெஸ்ட் ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படிக்கும் கட்டளை. ஸ்கிரிப்டும் அதே இன்புட்டிலிருந்துதான் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தது; மீதி வரிகளை அந்தக் கட்டளையே விழுங்கிவிட்டது. ஈவாலுக்கு இன்புட்டை டெவ்-நல் என்ற காலி ஃபைலிலிருந்து கொடுத்ததும் சரியானது.

அப்புறம், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளின் சொந்த டெஸ்டுகளைப் படித்தேன். டெஸ்டின் உடலை சிங்கிள் கோட்டுக்குள் வைக்கிறார்கள். $ போட்ட வேரியபிள் எல்லாம் ஈவால் ஓடும்போதுதான் விரியும். அவை ஓடும் தற்காலிக டைரக்டரியின் பெயரோ 'ட்ராஷ் டைரக்டரி' என்று தொடங்குகிறது. நடுவில் ஒரு ஸ்பேஸ். வேண்டுமென்றே வைத்த பொறி. கோட் போட மறந்தவன் அங்கேயே மாட்டுவான்.

நானும் எங்கள் டைரக்டரியின் பெயரில் ஒரு ஸ்பேஸ் சேர்த்து ஓட்டினேன். 11 டெஸ்ட் சிவப்பு.